நாலு மணித் தக்காளி

ஏழு தொட்டியிலும் முளைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்த கிராம் சார், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போய் ஏழு தொட்டிகளையும் குனிந்து பார்த்தார். ஒன்றிலும் முளைக்கவில்லை. காலையில் பார்த்தபோதும் முளைத்திருக்கவில்லை. அது தெரிந்துதான் சொல்லியிருந்தார்.

அவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் இல்லாவிட்டால் பறிமுதல் செய்வதும் அவர் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவரையும், எடைக்கல்லின் குழியில் ஈயத்தைச் சுரண்டிவிட்டு மெழுகு அடைத்தவரையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் கடைக்காரர்கள் வைத்த பெயர்தான் கிராம் சார். அது அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் மனைவியும் கோபம் வந்தால் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயது வரை அவர் பொய் சொன்னதில்லை. அதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. சிலருக்குச் சீட்டியடிக்க வராது, அவருக்குப் பொய் வராது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஏன் சொன்னார் என்று மனைவிக்கே புரியவில்லை. அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். எதற்கும் ஒரு காரணம், ஒரு வரிசை எண் வேண்டும்.

"தெரியலை. வாயில வந்துடுச்சு" என்றார் கிராம் சார். "சொன்னதும் அப்பா திரும்பிப் பார்த்தார்."

"திரும்பிப் பார்த்தாரா?"

"தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

மனைவி பக்கத்தில் வந்து நின்று அவளும் ஏழு தொட்டிகளையும் பார்த்தாள்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இருந்தவரை அப்பாவும் பிள்ளையும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. இவர் அப்பாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பார். அப்பா பதிலை அம்மாவிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் இதே ஏற்பாடுதான். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஊர்ப்பட்ட ஜனங்களோடு கத்திவிட்டு வந்ததாலோ என்னவோ, வீட்டில் அப்பாவுக்குக் குரலே மிச்சமிருக்காது. அம்மா போனதும் நடுவில் இருந்த கம்பி அறுந்துபோயிற்று. அப்பா இவர்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்; சொன்னபோது சாப்பிட்டார், சொன்னபோது படுத்தார்.

வருத்தப்படாதீங்க என்று சொல்லத் தெரியாத கிராம் சார், கோடை தொடங்கும் நேரத்தில் ஏழு மண் தொட்டிகளும் மண்ணும் ஒரு பாக்கெட் தக்காளி விதையும் வாங்கிவந்து பால்கனியில் வைத்தார். ஒரு வாரம் அவை அப்படியே கிடந்தன. எட்டாம் நாள் சாப்பிடும்போது அப்பா தலையை நிமிர்த்தாமல், "விதை போட்டாச்சு" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. பிறகு தினமும் காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகும், மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு மறுவாழ்வு விடுதிக்கு அனுப்பினார்கள். பதினொரு கட்டில்கள் கொண்ட நீளமான அறை. அப்பா கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை. நடக்கப் பழகச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டார். மருத்துவர் கிராம் சாரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், எலும்பு சேர்ந்துவிடும், ஆள்தான் சேரமாட்டேன் என்கிறார் என்றார். இப்படியே படுத்திருந்தால் நுரையீரலில் சளி கட்டும், அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

அன்றைக்குத்தான், சுவரைப் பார்த்தபடியே, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்பதுபோல அப்பா கேட்டார்: "தொட்டி எப்படியிருக்கு?"

"முளைச்சிருச்சுப்பா."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்.

"எதுல?"

"ஏழுலயும்."

அப்பா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டைக் கேட்டார்.

இவ்வளவையும் கேட்ட மனைவி, ஒரு வாரத்தில் மாமா மறந்துவிடுவார் என்று சமாதானம் சொன்னாள். கிராம் சாருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்துவந்து தொட்டி தொட்டியாகக் கிளறிப் பார்த்தார். ஒரு விதைகூடக் கண்ணில் படவில்லை. அப்பா விழுந்த களேபரத்தில் மூன்று நாள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெயிலில் வெந்து மக்கியிருக்கும், அல்லது எறும்பு தூக்கிப் போயிருக்கும். அப்பா ஒரு வருஷத்தில் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம். அதைத் தான் கொன்றுவிட்டதாக அவர் நினைத்தார்.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். மற்ற நாட்களில் மாலை நாலு மணிக்கு வார்டு ஆயாம்மா தான் வாங்கி வைத்திருக்கும் நோயாளிகளின் தொலைபேசிகளைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மறுநாள் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. பெரியவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போடுகிறேன் என்று ஆயாம்மா சொன்னாள். அடுத்து அப்பாவின் குரல்.

"எவ்வளவு உயரம்?"

கிராம் சார் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு சென்டிமீட்டர்" என்றார்.

"ஸ்கேல் வெச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்பா."

தொலைபேசியை வைத்ததும் அவர் முதல் காரியமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு பத்திகள் போட்டுத் தேதியும் அளவும் எழுதினார். சொன்னதை மறந்துவிட்டு நாளைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா. மனைவி நூலகத்திலிருந்து தொட்டித் தோட்டம் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துவந்தாள். பொய்தான் சொல்கிறோம், தப்பாகவாவது சொல்லாமல் இருக்கலாம் என்பது அவள் கட்சி. புத்தகத்தின்படி நல்ல வெயிலில் செடி நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரலாம். கிராம் சார் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்த்தார்.

ஒரே ஒரு சங்கடம். ஏழு தராசுகளும் ஒரே அளவைக் காட்டினால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது அவர் தொழிலில் முதல் பாடம். அதனால் சந்தேகம் வராமலிருக்க மூன்றாவது தொட்டியைக் கொஞ்சம் நோஞ்சானாக வைத்தார். மற்றவை ஆறு என்றால் அது நாலு. மற்றவை பத்து என்றால் அது ஏழரை.

இது பெரிய வினையாகப் போயிற்று.

"அந்த மூணாவதுக்கு என்னடா?" என்று அப்பா தினமும் கேட்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை போனபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் கேட்டார். அதற்கடுத்த கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்த லாரி டிரைவர், சாம்பல் போட்டுப் பாருங்கள் சார் என்று அங்கிருந்தே யோசனை சொன்னார். கிராம் சார் பேச வாயைத் திறந்ததும் யாரோ ரேடியோவை அணைத்தார்கள். வாத்தியார் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஏழு செடிகளுக்கும் கோடு வரைந்துகொண்டு வந்தார். அதைக் காட்டி, இவ்வளவு நேராகக் கோடு வந்து தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று மெச்சினார்.

இந்த நிலையில்தான் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்றாவது செடி எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை அடி நடக்க வேண்டும் என்று பெரியவரிடம் பேசிப்பார்த்தாள். அப்பா ஒத்துக்கொண்டார். முதல் நாள் ஏழரை அடி. அரை அடியை எப்படி வைப்பது என்று கேட்டு அதையும் வைத்தாராம். தொலைபேசியில் இதைச் சொன்ன ஆயாம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிராம் சாருக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே மூன்றாவது செடியை இருபது சென்டிமீட்டர் ஆக்கிவிட்டால் என்ன என்று ஆசை வந்தது. புத்தகம் இடம் கொடுக்கவில்லை.

மனசாட்சி உறுத்தியதில் அவர் புது விதை வாங்கிவந்து ஏழு தொட்டியிலும் உண்மையாகவே போட்டார். ஆறாம் நாள் நான்கு தொட்டிகளில் பச்சையாகத் தலை தெரிந்தது. குனிந்து ஸ்கேலை வைத்து அளந்தார். ஒன்று புள்ளி ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் அதே தொட்டிகள் பத்தொன்பதில் நின்றன. இருந்தாலும் அந்த ஒன்று புள்ளி ஒன்றைப் பார்க்கும்போது அவருக்கு வந்த சந்தோஷம், ஏதோ முக்கால்வாசிப் பொய்தான் சொல்கிறோம் என்கிற சந்தோஷம். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுச் சுவரில் வெயில் இறங்கி வருவது தெரிந்தது. மனசு அமைதியாக இருந்தது. அப்பா இங்கே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தார்.

நாலாம் நாள் நடுப்பகலில் ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தவர், நான்கும் தலை சாய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பதறி ரப்பர் குழாயைத் திறந்துவிட்டார். காலையிலிருந்து வெயிலில் கிடந்த குழாய். அதிலிருந்து வந்தது கொதிநீர். கையில் பட்ட பிறகுதான் உறைத்தது. அரை மணி நேரத்தில் நான்கும் துவண்டு மண்ணோடு ஒட்டிவிட்டன.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இருபத்து மூன்று என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

"என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்பா."

அப்பா, "மத்தியானத்துல தண்ணி ஊத்திடாதே. குழாய்த் தண்ணி கொதிக்கும்" என்றார். அதோடு நிறுத்தாமல், "உங்கம்மா அப்படித்தான் கல்யாணமான புதுசுல ரோஜாச் செடியை வேக வெச்சுட்டா. நான் வந்து கேட்டா, தானாப் பட்டுப்போச்சுன்னு சாதிக்கிறா" என்றார்.

அம்மாவைப் பற்றி அப்பா வாய் திறந்தது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எட்டு நிமிஷம் பேசினார். அம்மா ரோஜாவுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிளையைப் பிடுங்கி நட்டது, அதில் வேறு நிறத்தில் பூத்தது, அதைத் தான் கடைசிவரை கேட்காமலே விட்டது எல்லாம் சொன்னார். கிராம் சார் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன நான்கு நாற்றுகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லும் பேச்சே எழவில்லை. தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் செடியைப் பற்றி, அதிலிருந்து அம்மாவைப் பற்றி, அதிலிருந்து பஸ்ஸைப் பற்றி. நாற்பத்தாறு வருஷத்தில் பேசாததை அப்பாவும் பிள்ளையும் ஒரு கோடையில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவும் முளைக்காத ஒரு செடியின்மேல் நின்றது.

ஒரு முறை மூன்றாவது தொட்டியை முடித்துவிடலாமா என்று பார்த்தார். அதன் உடல்நிலையை விசாரிக்கும் வார்டுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. மனைவி புத்தகத்தை மூடிவைத்தாள்.

"அஞ்சாம் கட்டில்காரர் போன வாரம்தான் போயிருக்கார். இப்போ போய் அதைச் சாகடிக்கப் போறீங்களா?"

மூன்றாவது தொட்டி பிழைத்துக்கொண்டது. மறுநாள் அதில் ஒரு மொட்டு விட்டிருப்பதாகவும் கிராம் சார் சொன்னார். ஸ்பீக்கரில் வார்டே கை தட்டியது.

மொட்டு விட்டதும் அப்பா புகைப்படம் கேட்டார். அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன் என்ற தைரியத்தில் கிராம் சார் சரி என்றார். வாத்தியாரிடம் நல்ல போன் இருந்தது. அதன் எண் அன்று மாலையே வந்து சேர்ந்தது.

மேல்மாடியில் குடியிருந்த தையல்காரம்மா மொட்டை மாடியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் தக்காளி வைத்திருந்தாள். கிராம் சார் அவளிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டார். படம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போகிறேன், அதுவரை தண்ணீர் ஊற்றுகிற வேலை தம்பியுடையது என்று அவள் சாவியைக் கையில் திணித்துவிட்டாள். மாடியில் குழாய் கிடையாது. தன் வீட்டுத் தொட்டிகளுக்கு மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்தவர், அடுத்தவர் வீட்டுத் தக்காளிக்கு மூன்று மாடி வாளி சுமந்தார்.

படம் எடுப்பதிலும் சிக்கல். பெயின்ட் டப்பா தெரியக் கூடாது. ஆகவே தன்னுடைய மண் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, டப்பாக்களுக்கு முன்னால் வரிசையாக வைத்து, செடிகள் தொட்டியிலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும் இடம் வரை குப்புறப் படுத்து எடுத்தார். அவளிடம் ஆறு செடிகள்தான் இருந்தன. ஏழாவதற்கு மனைவி ஒரு செடியின் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். முட்டி சுடுகிறது, சீக்கிரம் எடுங்க கிராம் சார் என்று அவள் சொன்னது மட்டும் படத்தில் வரவில்லை.

"பால்கனிச் சுவரைக் காணோமே" என்றார் அப்பா.

"அது கேமராவுல விழலைப்பா."

"ஏழாவது செடி ஆடின மாதிரி இருக்கு."

"காத்துப்பா."

"நல்ல காத்துதான்" என்றார் அப்பா. அன்று முப்பது அடி நடந்தார்.

புத்தகம் எழுபதாம் நாள் பழுக்கும் என்றது. எழுபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிராம் சார் சனிக்கிழமை மாலையே காய்கறிக் கடைக்குப் போனார். அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர் தராசை வெளியே இழுத்து, தட்டைத் துடைத்து, முத்திரை தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கிராம் சார் கைப்பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து ஒவ்வொரு தக்காளியாக நிறுத்தார். ஆறு பழம் அறுபத்தைந்து கிராமுக்குக் குறையாமலும், ஒன்று மட்டும் நாற்பதைத் தாண்டாமலும் வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. எந்தப் புகாரின் பேரில் சார் இந்தச் சோதனை என்று நாக் குழறக் கேட்டார். சொந்த உபயோகத்துக்கு என்ற பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வார்டில் அப்பா ஏழு பழங்களையும் மடியில் வரிசையாக வைத்துக்கொண்டார். நாற்பது கிராம் பழத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது மூணாவதா?"

"ஆமாம்பா."

ஆயாம்மாவிடம் கத்தி வாங்கி அதைப் பத்துத் துண்டாக அறுத்தார். அஞ்சாம் கட்டில் காலியாக இருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, நகத்தளவு. லாரி டிரைவர் வாயில் போட்டுக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தக்காளித் துண்டுக்கு இவ்வளவு உருகுகிறார்களே என்று கிராம் சாருக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. அப்பா தன் துண்டை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "நல்லா வளர்த்திருக்கே" என்றார். அந்த வார்த்தையை அவரிடமிருந்து பிள்ளை இதுவரை எதற்கும் வாங்கியதில்லை. வாங்கிய அன்றைக்கு அதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரம் மருத்துவர் தொலைபேசியில் வந்தார். பெரியவர் கைத்தடியோடு எழுபது அடி தானாக நடக்கிறார், நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை அழைத்துப்போகலாம். பிறகு அப்பாவின் குரல் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பால்கனிக்குத்தான் போகப்போகிறாராம். வாத்தியாரும் தன் மகனோடு வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

கிராம் சார் தொலைபேசியை வைத்த கையோடு மூன்று மாடி ஓடினார். தையல்காரம்மா வந்துவிட்டிருந்தாள். செடிகளைத்தான் காணோம். காய்த்து ஓய்ந்துவிட்டது, வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன் தம்பி என்றாள். காலி டப்பாக்கள் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. நாற்றுப் பண்ணைக்குப் போனால், இந்த வெயிலில் இடுப்புயரத் தக்காளிச் செடி யார் வைத்திருப்பார்கள் என்று சிரித்தார்கள். புயலடித்துச் சாய்ந்துவிட்டதாகச் சொல்லலாம் என்றாள் மனைவி. மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. குரங்கு என்று சொல்லலாமா என்று கேட்டாள். கிராம் சார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வெள்ளிக்கிழமை என்று தேதி போட்டார். ஏழு பத்திகளுக்கும் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் மூடிவைத்தார்.

"சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா மறுபடி படுத்துக்கிட்டாருன்னா?"

அவருக்கும் அதே பயம்தான். செடி போனது போகட்டும். தன் வாயால் சொன்ன ஒவ்வொரு சென்டிமீட்டரையும் நம்பித்தான் அப்பா ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். எல்லாம் வெறும் மண் என்று தெரிந்த நிமிஷம் அந்தக் கால் நிற்குமா? நாலு மணிப் பேச்சு நிற்குமா? ஆனால் அப்பா பால்கனிக் கதவைத் திறந்து தானாகப் பார்ப்பதைவிட, தான் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டார். சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு, நாலு மணிக்குச் சரியாக வார்டுக்குள் நுழைந்தார்.

கடைசிக் கட்டில் காலியாக இருந்தது. அப்பா எங்கே என்று பதறிக் கேட்டார். ஆயாம்மா புது விரிப்பை உதறிக்கொண்டே, பெரியவர் வராந்தாவில் வாத்தியாரோடு போட்டி போட்டு நடந்துகொண்டிருக்கிறார் என்றாள். கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவின் முதுகு தெரிந்தது. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

கிராம் சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரிடமாவது முதலில் சொல்லிப் பார்த்துவிட்டால் அப்பாவிடம் சொல்ல வாய் வரும் என்று தோன்றியது.

"ஆயாம்மா, ஒண்ணுகூட முளைக்கலை. மூணு மாசமா நான் சொன்னது அத்தனையும் பொய். பழம்கூடக் கடையில வாங்கினது. நான் மூணு நாள் தண்ணி ஊத்தாம விட்டதுல அப்பா போட்ட விதை மண்ணுலயே செத்துப்போச்சு. இதைச் சொன்னா அவர் தாங்குவாரா?"

ஆயாம்மா விரிப்பின் நுனியை மெத்தைக்கு அடியில் செருகினாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"விதையே போடாத தொட்டியில எப்படித் தம்பி முளைக்கும்? முளைச்சிருச்சுன்னு சொல்லிட்டு முதல் நாள் நீங்க அந்தப் பக்கம் போனதுமே பெரியவர் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாரே: ‘போட மனசு வரலை, போட்டாச்சுன்னு சும்மா சொன்னேன், பிறந்ததுல இருந்து பொய்யே சொல்லாத பய, ஏழுலயும் முளைச்சிருக்குங்கறான், நாளைக்கு என்ன சொல்றான்னு கேக்கறதுக்காவது நான் இருந்தாகணும்’னு."